எத்தனை லிட்டர் ஆக்ஸிஜன்?

போன மாதம் ஒரு புதன்கிழமை. காலையில் முதல் டீயை வாயில் வைக்கப் போகும் நேரம்... போன் அடித்தது.

“அண்ணே, பேப்பர்ல எழுதுற அண்ணன்தானே?”

பெண் குரல். நடுத்தர வயதிருக்கும். “ஆமாம்மா, சொல்லுங்க” என்றபடி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தப் பத்தியின் அடியில் போடுகிற நம்பருக்கு வாட்ஸப்பில் எழுதுகிறவர்கள் உண்டு. கூப்பிட்டுப் பேசுகிறவர்கள் குறைவு. அதுவும் காலை ஏழரை மணிக்கே கூப்பிடுகிறார் என்றால், பாராட்டத்தானே?

“எம்.ரெட்டியபட்டியிலருந்து மும்தாஜ் பேசுறேன். திங்கக்கிழமை எழுதியிருந்தீகள்ல... வாசகர்க எழுதுற கடிதம்தான் உங்களுக்கு ஆக்ஸிஜன்னு?”

“ஆமாமா!”

“நெசமான ஆக்ஸிஜனைப் பாத்திருக்கீகளாண்ணே?”

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

“எங்க வீட்டுக்காரவுக மூணு வருசமா மெஷின் ஆக்ஸிஜன்லதான் இருக்காக. நேத்து உங்க பேப்பரை நம்பி அவுகளைப் பறிகொடுத்திருப்பேன். திட்டுறதுக்குக் கூப்பிடலண்ணே. ஒரு நாளைக்கு வந்து பாத்துட்டுப் போங்க. அதுக்குப் பிறகு எதுன்னாலும் எழுதுங்க.”

கத்தவில்லை. அழவுமில்லை. ரேஷன் கடை திறந்திருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில் பேசிவிட்டு வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. நேற்று நம் பேப்பரில் அப்படி என்ன வந்தது? யாரை என்ன செய்தோம்?

சனிக்கிழமை போவது என்று முடிவு செய்தேன். அதுவரை வீட்டில் கிடந்த பழைய பேப்பர்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புரட்டப் புரட்ட ஒன்று தெரிந்தது. அடேயப்பா, நாங்கள் பத்திரிகைக்காரர்கள் ஆக்ஸிஜனை எப்படித் தண்ணீராகச் செலவழிக்கிறோம்!

கூட்டணி பேசினால் கட்சிக்கு ஆக்ஸிஜன். கடைசி ஓவரில் சிக்ஸர் அடித்தால் அணிக்கு ஆக்ஸிஜன். ஆடித் தள்ளுபடி வந்தால் ஜவுளிக்கடைக்கு ஆக்ஸிஜன். மூன்று படம் ஊத்திக்கொண்ட நடிகருக்கு நாலாவது படம் ஓடினால், சந்தேகமே இல்லை, அதுவும் ஆக்ஸிஜன்தான். விளம்பரம் பத்திரிகைக்கு ஆக்ஸிஜன் என்று எங்கள் நிர்வாகம் சொல்லும். உண்மைதான் ஆக்ஸிஜன் என்று நாங்கள் மேடையில் சொல்வோம். கடைசியில் நானும் என் பங்குக்கு உங்கள் கடிதங்களைச் சிலிண்டரில் அடைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு காலம் மட்டும் இந்தச் சொல்லை நாங்கள் தொடவில்லை. கொரோனா இரண்டாவது அலை. அப்போது நான் மாவட்டப் பக்கங்களின் டெஸ்க்கில் இருந்தேன். பகுதி நேர நிருபர்கள் அனுப்பும் செய்திகளைத் திருத்தி, வெட்டி, தலைப்புப் போடுவது வேலை. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை நின்ற நாட்கள் அவை. அந்த நேரத்தில் ஒரு நிருபர், கண்மாய் தூர்வாரும் செய்திக்கு ‘பாசனத்துக்கு ஆக்ஸிஜன்’ என்று தலைப்பு வைத்து அனுப்பிவிட்டார். பாவம், பழக்கதோஷம். நான் அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘பாசனத்துக்கு உயிர்’ என்று மாற்றினேன். டெஸ்க்கில் யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஆனால் மாதக்கணக்கில் அந்தச் சொல் ஆஸ்பத்திரிச் செய்தியில் மட்டும்தான் வந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள், ‘பண்டிகைக் கூட்டம்: வியாபாரிகளுக்கு ஆக்ஸிஜன்’ என்று ஒரு செய்தி வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். மனசு லேசாக இருந்தது. சொல்லுக்கு மறுபடி விளையாடப் போகிற அளவு உடம்பு தேறிவிட்டதே என்று ஒரு சந்தோஷம்.

ஆனால் எல்லோர் வீட்டிலும் ஆக்ஸிஜன் தேவை அடங்கிவிடவில்லை. அதைச் சனிக்கிழமைதான் பார்த்தேன்.

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறும் முன் அரைக் கிலோ காராச்சேவு வாங்கினேன். நோயாளி வீட்டுக்குக் காராச்சேவா என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர்க்காரன் வெறுங்கையோடு போகமாட்டான், யோசித்தும் வாங்கமாட்டான். பஸ் எம்.ரெட்டியபட்டியில் இறக்கிவிட்டபோது வெயில் ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. டீக்கடையில் விசாரித்தேன். “காதர் பாய் வீடா? பச்சைக் கேட்டு. சத்தம் கேக்கும், அதை வச்சே போயிரலாம்” என்றார்கள்.

கேட்டது. அந்த மெஷின் பெரிதாக ஒன்றும் கத்தவில்லை. தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடுகிற சத்தம், இடையில் ஒரு பெருமூச்சு. காற்றை இழுத்து, வடிகட்டி, ஆக்ஸிஜனை மட்டும் குழாயில் அனுப்புகிற கருவி. ஆஸ்பத்திரியில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. அந்த வீட்டில் ‘மெஷின்’. அவ்வளவுதான்.

கேட்டைத் திறந்ததே காதர் பாய்தான். அறுபது வயது. மூக்கில் மெல்லிய குழாய். அது காதைச் சுற்றி, சட்டைக்குள் போய், தரையில் பாம்பாக நீண்டு வீட்டுக்குள் போகிறது.

“வாங்க சார்... இந்தக் கேட்டு வரைக்கும்... நம்ம எல்லைதான்” என்றார். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு. முகத்தில் சிரிப்பு மட்டும் விட்டு விட்டு வரவில்லை, முழுசாக இருந்தது.

குழாய் முதலில் இருபத்தைந்து அடிதான் கொடுத்தார்களாம். கூடத்தைத் தாண்டாது. இவர் மல்லுக்கட்டி ஐம்பது அடியாக மாற்றி வாங்கியிருக்கிறார். எதற்கு?

“பேப்பர் போடுறவரு... கேட்டுக்கிட்ட எறிஞ்சுட்டுப் போவாரு. அதை நாமளே... எடுக்கணும்ல?”

மும்தாஜ் இஞ்சி டீ கொண்டுவந்தார். போனில் கேட்ட அதே நிதானம். காராச்சேவுப் பொட்டலத்தைப் பார்த்ததும் பாயின் கை நீண்டது. அதைவிட வேகமாக மும்தாஜின் கை.

“ஒண்ணு வாயில போட்டாக்கூட இருமல் நிக்காது இவுகளுக்கு. பேரப்பிள்ளைக திங்கட்டும்.” பொட்டலம் அடுப்படிக்குப் போனது. பாய் அதன் பின்னால் ஏக்கமாகப் பார்த்தார். அடுப்படிக்குள் அவர் நுழையவும் முடியாது. ஆக்ஸிஜன் குழாயோடு தீ பக்கம் போகக் கூடாதாம்.

“முப்பது வருசமா அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்காத மனுசருண்ணே. இப்ப டாக்டரே போகாதன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. கேக்கணுமா?” என்றார் மும்தாஜ் உள்ளேயிருந்து.

காதர் பாய் சவுதியில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். இரும்பு வெட்டுகிற வேலை. காஸ் கட்டர். ஆள் உயர ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய், குழாய் மாட்டி, தீயால் இரும்பை வெட்டுவது. அந்தப் புகையும் தூசியும் நெஞ்சில் தங்கிவிட்டது. நுரையீரல் பாதிகூட வேலை செய்வதில்லை.

“அப்ப சிலிண்டரை... நான் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன் சார். இப்ப அது... என்னையத் தூக்கிக்கிட்டுத் திரியுது” என்றார். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டீயைப் பார்த்தேன்.

பிறகுதான் அந்த நாற்காலியைக் கவனித்தேன். அதன்மேல் நம் பேப்பர்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் சிவப்புப் பேனாக் கோடுகள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ‘நல்ல மழை: மானாவாரி விவசாயிகளுக்கு ஆக்ஸிஜன்’ என்ற தலைப்பில் ஆக்ஸிஜனைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் எழுதியிருந்தது: 1½ லி.

“இது என்ன பாய்?”

பாய்க்கு வெட்கம். மும்தாஜ்தான் விளக்கினார். மெஷினில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதற்குள் ஒரு சின்னப் பந்து. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்ஸிஜன் போகிறதோ, அந்தக் கோட்டுக்கு நேராகப் பந்து மிதக்கும். பாய்க்கு ரெண்டு லிட்டர். அரைதான் அடிக் கோடு, ஐந்துதான் உச்சிக் கோடு. தினமும் பேப்பரில் எங்கே ஆக்ஸிஜன் என்று வந்தாலும், அது நிஜமாகவே எத்தனை லிட்டர் தேறும் என்று இவர் அளந்து எழுதிவிடுவாராம். பொழுதுபோக்கு!

“மழைக்கு ஒண்ணரை... குடுக்கலாம் சார். தண்ணி வந்தா... சம்சாரிக்கு மூச்சு வரும்” என்றார் பாய், நீதிபதி மாதிரி.

நான் ஆர்வமாக அடுக்கைக் கிளறினேன். கிரிக்கெட் அணிக்கு ரெண்டு லிட்டர் கொடுத்திருந்தார் (“அந்த மேட்ச்... நானும் பாத்தேன்ல!”). ஒரு கட்சிக்குத் தலைவர் வருகையால் கிடைத்த ஆக்ஸிஜனுக்கு வெறும் அரை. “அவரு வந்துட்டுப் போன மக்கா நாளு... நாலு பேரு வேற கட்சிக்குப் போயிட்டாக” என்று காரணமும் சொன்னார். ஜவுளிக்கடைக்கு ஒன்று. அதுவும் மும்தாஜ் சிபாரிசு செய்ததால்.

இத்தனை நாள் நாங்கள் எழுதிக் கிழித்த ஆக்ஸிஜனுக்கெல்லாம் ஒரு மனிதர் உட்கார்ந்து மீட்டர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் ஆசிரியர்குழுவில்கூட இப்படி ஓர் ஆள் கிடையாது.

“என் பத்திக்கு எவ்வளவு பாய்?”

பாய் மும்தாஜைப் பார்த்தார். மும்தாஜ் பாயைப் பார்த்தார். பிறகு திங்கட்கிழமைப் பேப்பர் வந்தது. மூன்றாம் பக்கம். இடதுபுறம் என் படத்தோடு என் பத்தி. கடைசிப் பாராவில், ‘உங்கள் கடிதங்கள்தான் எனக்கு ஆக்ஸிஜன்!’ என்ற இடத்தில் வட்டம். பக்கத்தில் எண் இல்லை. ‘பந்து எந்திரிக்கல’ என்று எழுதியிருந்தது.

சிரித்தேன். வேறென்ன செய்ய? மூவரும் சிரித்தோம். பாய் சிரித்து இருமினார், மும்தாஜ் முதுகைத் தடவிவிட்டார். இருமல் அடங்கிய பிறகு, என் பத்திக்குக் கீழே இருந்த ஒரு சின்னக் கட்டத்தில் மும்தாஜ் விரலை வைத்தார். அவர் சிரிப்பு நின்றிருந்தது.

“இதுக்கு எப்பவும் அஞ்சு லிட்டர் போடுவாகண்ணே. இந்தத் தடவை ஒண்ணும் போடல.”

‘நாளைய மின்தடை.’

உங்களுக்குத் தெரியும். பராமரிப்புப் பணிக்காக மாதம் ஒரு நாள் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் நிறுத்துவார்கள். எந்தெந்த ஊர் என்று முந்தின நாளே அறிவிப்பு அனுப்பிவிடுவார்கள். நாம் பேப்பரில் போடுவோம். நீங்களும் நானும் அதை எதற்குப் பார்ப்போம்? மோட்டார் போட, மாவாட்ட, போனுக்கு சார்ஜ் ஏற்ற. இந்த வீட்டில் அந்தக் கட்டம்தான் முதல் பக்கம்.

கட்டத்தில் ஊர்ப் பெயர் இருந்தால் மும்தாஜ் அன்றே சின்ன சிலிண்டரை டவுனுக்குக் கொடுத்துவிட்டு நிரப்பி வாங்குவார். ஆட்டோவுக்குச் சொல்லிவிடுவார். மறுநாள் காலை எட்டு மணிக்கு, சிலிண்டர் மடியில், மெஷின் சீட்டில், இருவரும் பாளையம்பட்டியில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பகுதிக்கு வேறு லைன். அங்கே மெஷினைச் சொருகிவிட்டால் பகல் முழுக்கப் பேரப்பிள்ளைகள், கறி ஆணம், சோறு, அரட்டை. ஆறு மணிக்குத் திரும்பிவிடுவார்கள்.

“மாசத்துல அந்த ஒரு நாளுதாண்ணே இவுக கேட்டைத் தாண்டுறது. ஊரே கரண்டு போச்சேன்னு பொலம்பும். இவுக மொத நாளே சட்டையைத் தேய்க்கச் சொல்லுவாக” என்றார் மும்தாஜ்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை கட்டத்தில் ஐந்தே ஊர்கள். அதற்குப் பிறகு, ‘மற்றும் சுற்றுவட்டாரப் பகுதிகள்’. எம்.ரெட்டியபட்டி இல்லை. தேய்க்கச் சொல்லும் சட்டை மடித்தபடியே இருந்தது.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது.

“இவுக மொகம் மாறிருச்சு. நான்தான் பேப்பரை எடுத்துக் காமிச்சேன். ‘நம்ம ஊரு பேரு இல்லைங்க, எங்கயாச்சும் பியூஸு போயிருக்கும், அரை மணியில வந்துரும்’னு தைரியம் சொன்னதே நான்தாண்ணே.”

அரை மணி, ஒரு மணி ஆனது. அதுவரை மெஷினை ஓட்டிய இன்வெர்ட்டர் ‘பீப்... பீப்...’ என்று கத்த ஆரம்பித்தபோது மணி பத்தே முக்கால். சின்ன சிலிண்டரை மாட்டினார். நிறைந்திருந்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். அன்று அதில் பாதிதான். லைன்மேனுக்குப் போன் போட்டால் அவர் சொன்னாராம்: “இன்னைக்கு மெயின்டனன்ஸ் அக்கா, சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வரும். பேப்பர்ல பாக்கலையா?”

பாவம், அவர் சொன்னதில் தப்பில்லை. பேப்பரில் பார்த்ததுதான் தப்பாகிவிட்டது.

வழக்கமான ஆட்டோ திருச்சுழிக்குப் போயிருந்தது. பருத்தி எடுக்கும் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு ஷேர் ஆட்டோவை மும்தாஜ் ரோட்டில் நின்று மறித்திருக்கிறார். “வழி பூரா நான் ரோட்டைப் பாக்கவே இல்லண்ணே. சிலிண்டர் முள்ளைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். பாதி வழியிலயே செவப்புக்கு வந்துருச்சு. இவுக பேச்சும் நின்னுருச்சு. கையை மட்டும் புடிச்சுக்கிட்டாக.”

பாளையம்பட்டியில் மகள், நீட்டிய வயரைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருக்கிறார். ஆட்டோவில் இருந்து ஆளை இறக்கவில்லை. மெஷினை இறக்கி வாசலிலேயே சொருகி, குழாயை ஆட்டோவுக்குள் நீட்டியிருக்கிறார்கள். பந்து எழும்பியது. ரெண்டு கோட்டில் நின்றது. கால் மணி கழித்து பாய் கண்ணைத் திறந்து பேசிய முதல் வார்த்தை...

“‘இன்னைக்கு என்ன கொழம்பு?’ன்னு கேக்குறாகண்ணே!” என்றார் மும்தாஜ். இப்போது அவருக்குக் கண் கலங்கியது. பாய் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனுக்கு மெசேஜ் வராதா என்று கேட்டேன். கரண்டு கனெக்‌ஷன் இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறதாம். அதில் பதிந்திருந்த நம்பரும் அவரோடு போய்விட்டது. பெயர் மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாட்ஸப் குரூப்பில் வருமே? “அதுல போன வருசத்துக் கரண்டு கட்டெல்லாம் இந்த வருசம் வருதுண்ணே. எதை நம்ப? பேப்பர்னா தேதி போட்டுருக்கும்ல” என்றார்.

தேதி போட்டிருக்கும். ஆமாம், அதை நாங்கள் ஒழுங்காகப் போட்டுவிடுகிறோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு மூச்சு முட்டியது என்று எழுதப் பார்த்தேன். வேண்டாம். எனக்கு நன்றாகத்தான் மூச்சு வந்தது. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிறு. நேராக ஆபீஸ். நான் ஓய்வு பெற்ற பிறகு மாவட்டப் பக்கங்களுக்குப் பொறுப்பாக இருப்பவர் பவித்ரா. கெட்டிக்காரப் பெண். கண்டிப்பானவர்.

“அந்த மின்தடைப் பட்டியலை யாரும்மா வெட்டினது?” என்று கொஞ்சம் சூடாகவே ஆரம்பித்தேன்.

“நான்தான் சார்.”

“எந்த ரூல்ல?”

பவித்ரா சுவரைக் காட்டினார். லேமினேட் செய்த ஒரு தாள். டெஸ்க்குக்கான விதிகள். எழுத்து எங்கோ பார்த்த எழுத்தாக இருந்தது. ஏழாவது விதி: ‘ஊர்ப் பட்டியல் நீளமாக வந்தால் முதல் சில பெயர் போதும். மீதிக்கு “மற்றும் சுற்றுவட்டாரப் பகுதிகள்” என்று போடவும். வாலை வெட்டத் தயங்க வேண்டாம்.’

என் கையெழுத்து! கீழே என் கையொப்பம் வேறு.

விளக்குகிறேன். செய்தி எழுதுவதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. முக்கியமானதை முதல் பாராவில் வைத்துவிட வேண்டும். போகப் போக முக்கியம் குறைய வேண்டும். இடம் போதவில்லையா? வாலில் இருந்து வெட்டிக்கொண்டே வரலாம். செய்திக்கு ஒன்றும் ஆகாது. முப்பது வருஷம் அப்படித்தான் வெட்டினேன். கை தானாக வெட்டும். அதே கையால் ஊர்ப் பட்டியலையும் வெட்டலாம் என்று எழுதியும் வைத்திருக்கிறேன். மின்வாரியம் கம்பம் போகிற வரிசையில் ஊர் எழுதி அனுப்புகிறது. தூரத்து ஊர் கடைசியில் வரும். அவ்வளவுதானே? கடைசியில் வருகிற ஊருக்கு மட்டும் கொஞ்சம் கரண்டு விட்டு வைப்பார்களா என்ன? இது இத்தனை வருஷமாக எனக்குத் தோன்றவே இல்லை.

“ஆனா எப்பவும் அவுங்க ஊர் வந்துக்கிட்டுத்தானே இருந்துச்சு?” என்றேன், பலவீனமாக.

“ஆமா சார். எப்பவும் பன்னெண்டு ஊர் வரைக்கும் போட இடம் இருக்கும். அன்னைக்கும் பன்னெண்டுதான் வச்சிருந்தேன்.” பவித்ரா கம்ப்யூட்டரில் அன்றைய பக்கத்தைத் திறந்தார். முதலில் வைத்த பட்டியல் இருந்தது. எம்.ரெட்டியபட்டி ஒன்பதாவது. “கடைசி நேரத்துல அஞ்சா குறைச்சேன்.”

“ஏன்?”

“உங்க பத்தி பதினோரு வரி கூட வந்துருச்சு சார்.”

“எந்தப் பதினோரு வரி?”

“கடைசிப் பாரா. அதை எடுத்துடலாம்னு பாத்தேன். ‘இந்தப் பாராவை வெட்ட வேண்டாம்’னு நீங்களே குறிப்பு எழுதி அனுப்பியிருந்தீங்க.”

கடைசிப் பாரா எது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் பவித்ராவிடம் கேட்கவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. உங்கள் கடிதங்கள்தான் எனக்கு ஆக்ஸிஜன்...

பவித்ரா என்னைக் குத்திக்காட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். நான் காதர் பாய் வீட்டுக் கதையை முழுக்கச் சொன்னேன். சிவப்புப் பேனா, பந்து, ஐந்து லிட்டர், ஷேர் ஆட்டோ எல்லாவற்றையும். அவர் எழுந்து போய் அந்த லேமினேட் தாளைச் சுவரில் இருந்து கழற்றினார்.

“மத்த நாள்ல நான் எப்படியாவது இடம் புடிச்சுக்குறேன் சார். எழுத்தைச் சின்னதாக்கி முழுப் பட்டியலும் போட்டுடலாம். திங்கக்கிழமைதான் பிரச்சினை. அந்தப் பக்கத்துல உங்க பத்தி இருக்கு. பத்தாத இடத்துக்கு...” என்று இழுத்தார்.

“என் பத்தியில இருந்து எடுத்துக்கம்மா.”

“குறிப்பு எழுதி அனுப்ப மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

“அப்ப புது ரூலையும் நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க.”

பேனா வாங்கி எழுதினேன். ஏழாவது விதி இப்போது இப்படி இருக்கிறது: ‘ஊர்ப் பட்டியலுக்கு வால் கிடையாது.’

பாருங்கள், ஆக்ஸிஜன் என்ற சொல்லை இனிமேல் எழுதவே மாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டுதான் அன்று பஸ் ஏறினேன். அதைக் காதர் பாயிடம் போனில் சொன்னபோது அவர் பதறிப்போனார். “அய்யய்யோ... அப்படிச் செய்யாதீக சார். பொறவு நான்... எதை அளக்குறது?” என்றார். அவருக்கு அந்தச் சொல் புண்ணில்லை. ஊரெல்லாம் அதை வைத்து விளையாடட்டும், அவரும் கூட உட்கார்ந்து மார்க் போடுவார். அவர் கேட்பது சொல்லை அல்ல. கட்டத்துக்குள் தன் ஊர்ப் பெயரை.

யோசித்துப் பார்த்தால் அவர் மட்டுமா கேட்கிறார்? முதல் ஐந்துக்குள் வராத ஊர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை! அங்கே எந்த வீட்டில் எந்த மெஷின் ஓடுகிறது, எந்தக் குழந்தைக்கு நெபுலைசர் வைக்கிறார்கள், எந்த ஃபிரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது... டெஸ்க்கில் உட்கார்ந்தபடி நமக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாதபோது வெட்டாமல் இருக்கலாம், அது நம்மால் முடியும்.

நேற்று மதியம் ஆபீஸ் போனேன். மின்வாரிய அறிவிப்பு வந்திருந்தது. நாளை செவ்வாய்க்கிழமை அந்தப் பகுதிக்கு மறுபடியும் பராமரிப்பு. இருபத்தாறு ஊர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மும்தாஜுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். சிலிண்டரை நிரப்பக் கொடுத்துவிடுகிறேன் என்றார். பின்னால் பாயின் குரல் கேட்டது.

“பேப்பர்ல... வரட்டும் சார். பாத்துட்டுத்தான்... சட்டையைத் தேய்க்கக் குடுப்பேன்!”

மனுஷருக்கு எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்! ஒரு தடவை காலை வாரிய பேப்பரை மறுபடியும் கேட்டுவரை போய்க் குனிந்து எடுக்கிறார். எனக்கு அதில் இருக்கிற சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஒரு சொல் கைவசம் இருக்கிறது. இந்த வாரம் வேண்டாம்.

ஆக, இந்த வாரம் பத்தி எட்டு வரி குறைவு. மழையைப் பற்றி ஒரு நல்ல பாரா எழுதியிருந்தேன், நானே வெட்டிவிட்டேன். அந்த எட்டு வரியில் இப்போது ஊர்கள் இருக்கின்றன. கீழே கட்டத்தைப் பாருங்கள். எம்.ரெட்டியபட்டி இருக்கிறது. அதற்குப் பிறகும் பல ஊர்கள் இருக்கின்றன. சுற்றுவட்டாரம் இல்லை.

பாய், சிவப்புப் பேனாவை எடுங்கள்... எத்தனை லிட்டர்?